மீன் தொட்டிக்கு ஃபில்டரை நாமே செய்யலாம், அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்

ஃபில்டர் என்ற பெயரே பாதிப் பேரைத் தவறான வழியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பெயரைக் கேட்டதும் சல்லடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அழுக்குத் தண்ணீர் ஒரு பக்கம் போகும், சுத்தமான தண்ணீர் மறுபக்கம் வரும், பஞ்சு கறுத்துப்போனால் கழுவ வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் தொட்டியில் வாராவாரம் பஞ்சை எடுத்துக் குழாயடியில் வைத்து, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்து பிழிந்து கழுவுவேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கும். இதைவிடச் சுத்தமாக எப்படி வைத்துக்கொள்வது என்று குழம்பிப்போனேன். அந்தச் சுத்தம்தான் மீன்களைக் கொன்றது என்று புரிய ஆறு மாதம் ஆனது.

கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அது மீனை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. கொல்வது கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. மீன் தன் உடம்பில் சேரும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை மலமாக அல்ல, செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட இரை, அழுகிய இலை, எங்கோ மூலையில் செத்துக் கிடக்கும் நத்தை, எல்லாம் சேர்ந்து அதே அம்மோனியாவைத்தான் கொடுக்கின்றன. இது தண்ணீரில் கரைந்துவிடும், நிறம் கிடையாது, தொட்டியில் இருக்கும் அளவுக்கு வாசனையும் தெரியாது, எவ்வளவு நெருக்கமான சல்லடையிலும் மாட்டாது.

இந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது, ஒன்று கொடிய நஞ்சு, இன்னொன்று அந்த அளவுக்கு இல்லை. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச் அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்) வெப்பமும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் 100இல் ஒரு பங்குகூட இருக்காது. அதே தண்ணீர் பி.எச் 8 என்றால் 100இல் 5 பங்குக்கு மேல் போய்விடும். அதாவது பி.எச் ஒன்று ஏறினால் நஞ்சு கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒருவர் தொட்டியில் நன்றாக இருக்கும் மீன் இன்னொருவர் தொட்டியில் அதே அளவு இரைக்குச் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சல்லடையில் மாட்டாத இந்த அம்மோனியாவை யார் எடுப்பது? பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது, நைட்ரோசோமோனாஸ் என்பது இந்தக் கூட்டத்தில் பிரபலமான பெயர். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பண்ணிவிடும். அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் எவ்வளவோ சாது, செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதியை நாம் தண்ணீர் மாற்றும்போது வெளியே கொட்டிவிடலாம். இரண்டாவது கூட்டம் நைட்ரோபாக்டர் என்றுதான் ரொம்ப காலம் எழுதிவந்தார்கள், கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டில்கள் பலவற்றில் இப்போதும் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015இல் இன்னொரு ஆச்சரியம் வந்தது, நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை இரண்டு வேலையையும் தனியாகவே முடித்துவிடும் என்று. தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாவிட்டாலும் குறைவில்லை, ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்க வேண்டும். இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை.

ஆக ஃபில்டர் என்பது அவை குடியிருக்கும் வீடு. நான் வாராவாரம் குழாயடியில் அந்த வீட்டை இடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் குளோரின் கலந்த தண்ணீரால்.

இது புரிந்தபிறகு, மலிவான பொருட்களைக் கொண்டே நல்ல ஃபில்டர் செய்ய முடிவது ஏன் என்பதும் விளங்கிவிடும். பாக்டீரியாவுக்குப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் தெரியாது. அதற்கு வேண்டியது மூன்று: ஒட்டிக்கொள்ள நிறைய இடம், மூச்சுவிட ஆக்சிஜன், இரை கொண்டுவர நிற்காத தண்ணீர் ஓட்டம். இடம் என்றால் பெரிய பொருள் என்று அர்த்தம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் 1000 துண்டு வரும், மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும், கல் அதே கல்தான். பஞ்சும் எரிமலைக் கல்லும் ஓட்டை ஓட்டையாக இருப்பதன் பயன் இதுதான். ஆக்சிஜன் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்வரை கொண்டுபோக ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்திருக்கக்கூடிய மொத்த ஆக்சிஜனே 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கும் அதிலிருந்துதான் பங்கு.

காற்று தண்ணீரைத் தூக்கும் வித்தை

வீட்டில் செய்யும் ஃபில்டர்களில் முக்கால்வாசி ஒரே தந்திரத்தில் ஓடுபவை. நிற்கவைத்த குழாயின் அடிப்பகுதியில் காற்றை விட்டால் தண்ணீர் மேலே ஏறும். குமிழிகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்றுதான் பார்க்கும்போது தோன்றும், முழுக்க அப்படி இல்லை. குழாய்க்குள் குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்துவிடுகிறது, வெளியே இருக்கும் தண்ணீர் கனமாக இருக்கிறது, அந்தக் கனம் உள்ளே இருக்கும் லேசான தண்ணீரை மேலே ஏற்றிவிடுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக்கூட இந்த முறையைப் பயன்படுத்துவார்கள்.

இந்த ஒரு விளக்கத்திலிருந்தே செய்முறையின் பாதி விதிகள் வந்துவிடும். காற்று எவ்வளவு ஆழத்தில் நுழைகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் லேசான தண்ணீர்த் தூணின் உயரம் கூடுகிறது. குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் ஓட்டம் குறையும், மட்டத்தை ஒட்டியோ பாதி மூழ்கியோ இருந்தால் கூடும். ஒரே பெரிய குமிழி குளுக் குளுக்கென்று போவதைவிடச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் போனால் ஓட்டம் சீராக இருக்கும், சத்தமும் அடங்கும். அதனால்தான் காற்று வரும் டியூப் முனையில், காற்றைப் பொடிக் குமிழிகளாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோன் என்ற சின்னக் கல் ஒன்றைச் சொருகிக் குழாய்க்குள் விடுகிறோம். படுக்கை அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்காதீர்கள், ராத்திரியில் அந்தச் சத்தம் ஊரையே எழுப்பும்.

முதலில் செய்ய வேண்டியது ஸ்பாஞ்ச் ஃபில்டர். 12இலிருந்து 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் ஒரு துண்டு, தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை வரும் நீளத்துக்கு. அடிமுனையை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். கீழிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம்வரை சுற்றிலும் நிறையத் துளை போடுங்கள், இந்தப் பகுதிதான் பஞ்சுக்குள் இருக்கப்போகிறது. பஞ்சு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, காற்று டியூப் நுழைய ஒரு துளை. வழக்கமான காற்று டியூபின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர், துளையை ஐந்தரையாகப் போட்டு டியூப் முனையைச் சாய்வாக வெட்டி இழுத்தால் பசையே இல்லாமல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஏர் ஸ்டோன் வைப்பதென்றால் டியூப் முனையைக் குழாய் வாய்வழியே வெளியே எடுத்து, ஸ்டோனைச் சொருகி, திரும்ப உள்ளே இழுத்துவிடலாம். காற்றுத் துளையைப் பஞ்சுக்குள்ளேயே போட்டால் இன்னும் ஆழம் கிடைக்குமே என்று எனக்கும் தோன்றியது, செய்து பார்த்தேன், குமிழிகள் பஞ்சின் வழியாகவே வெளியே கசிந்து ஓட்டம் படுத்துவிட்டது. மேல்முனையில் ஓர் எல்போ (வளைந்த இணைப்புத் துண்டு) மாட்டினால் தண்ணீர் பக்கவாட்டில் போகும், தொட்டி முழுக்க மெதுவாகச் சுற்றிவரும்.

பஞ்சில் ஓட்டை போடுவதுதான் எரிச்சலான வேலை. கத்தரிக்கோலால் குடைந்தால் கந்தலாகிவிடும். இரண்டு வழி இருக்கிறது: குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பைக் கூராகத் தேய்த்து, அதைப் பஞ்சின்மேல் அழுத்தித் திருகித் திருகி இறக்கலாம், அல்லது பஞ்சை நனைத்து ஃப்ரீசரில் வைத்து உறையவைத்துவிட்டு டிரில் போடலாம். உறைந்த பஞ்சில் மரத்தில் போடுவது மாதிரி சுத்தமாக ஓட்டை விழும். ஓட்டை குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாகவே இருக்கட்டும், இடைவெளி இருந்தால் தண்ணீர் பஞ்சுக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாகவே ஏறிவிடும்.

எந்தப் பஞ்சு என்று கேட்டால், ஓர் அங்குலத்தில் 20 முதல் 30 துளை இருக்கும் முரட்டு ரகம் போதும், தொட்டிக்கென்றே விற்கிற பஞ்சில் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். நெருக்கமான ரகம் நன்றாக வடிகட்டும் என்று எடுத்தால் பத்து நாளில் அடைத்துக்கொள்ளும். எண் தெரியாத பஞ்சு என்றால் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாக மறுபக்கம் வர வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், பலவற்றில் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள், நாம் வளர்க்க நினைப்பதே கிருமியைத்தான். மெத்தை, சோபா நுரையிலும் தீப்பிடிக்காமல் இருக்க ஏதாவது சேர்த்திருக்கலாம், அதுவும் வேண்டாம்.

பம்ப் மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் வீட்டில் செய்து தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் டியூப் நடுவே ஒருவழி வால்வு போடுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போன நேரத்தில் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்கும் தரைக்கும் வந்து சேரும். ஒயரை நேராக பிளக்குக்குக் கொண்டுபோகாமல் நடுவில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விடுங்கள், ஒயர் வழியாக வழியும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பாட்டிலில் ஒரு பெட்டி

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஒரு குறை உண்டு, அழுக்கைப் பிடிப்பதும் பாக்டீரியா குடியிருப்பதும் ஒரே பஞ்சில். அழுக்கை எடுக்கும்போதெல்லாம் குடியிருப்பவர்களையும் தொந்தரவு செய்தாக வேண்டும். இதைப் பிரித்துவிடலாம். அகல வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூடி திருகுகிற மாதிரி இருந்தால் நல்லது. மூடியின் நடுவே குழாய் நுழையும் ஓட்டை, சுற்றிலும் தண்ணீர் உள்ளே வர நிறையச் சின்ன ஓட்டைகள். குழாய் டப்பாவின் அடிவரை போக வேண்டும், அடிமுனையில் நாலு கீறல் போட்டுவிட்டால் தரையில் ஒட்டி அடைத்துக்கொள்ளாது. உள்ளே அடியில் கூழாங்கல், அதற்கு மேலே பாக்டீரியாவுக்கான பொருள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அடுக்கு பாலியஸ்டர் பஞ்சு. குழாய்க்குள் காற்று டியூபை மேலிருந்து அடிவரை இறக்கிவிடுங்கள். தண்ணீர் மூடி வழியாக இறங்கி, பஞ்சில் அழுக்கை விட்டு, கல்லுக்குள் புகுந்து, குழாய் வழியாக ஏறி வெளியே வரும். அழுக்கானால் மேலடுக்குப் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும், கீழே இருப்பவர்களை மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

பாக்டீரியாவுக்கான பொருள் என்று நான் சொன்னதில் நிறையத் தேர்வு இருக்கிறது. உடைத்த எரிமலைக் கல், மிதக்கும் அளவுக்கு லேசான பியூமிஸ் கல், மெருகு பூசாத மண் தொட்டி உடைந்த ஓடு, சோப்பு ஏற்றாத பிளாஸ்டிக் நார் உருண்டை. பிளாஸ்டிக் நாரைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது, ஆனால் லேசானது, அடைக்காது, இழைக்கு இழை இடம், எனக்கு அதுதான் பிடித்தது. இரும்பு நார் கூடாது. கல் எதுவானாலும் அதன்மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் பி.எச்சை ஏற்றிவிடும், மேலே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? அடுப்புக் கரியை ஆக்டிவேட்டட் கார்பனுக்குப் பதிலாகப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆக்டிவேட்டட் கார்பன் தனியாகப் பக்குவம் செய்து நுண்துளைகளைத் திறந்துவிட்டது, அச்சில் வார்த்த அடுப்புக் கரியிலோ ஒட்டுப் பொருளும் பற்றவைக்கும் ரசாயனமும் இருக்கலாம். அதோடு, சாதாரண நாட்களில் தொட்டிக்குக் கார்பனே தேவையில்லை. மருந்து போட்டு முடித்தபிறகு அதன் மிச்சத்தை எடுக்க, தண்ணீரில் ஏறிய மரக் கறையை எடுக்க, அவ்வளவுதான்.

இன்னும் பெரிதாகச் செய்ய ஆசையா? ஜெர்மனியின் ஹாம்பர்க் பெயரில் ஒரு முறை இருக்கிறது, ஹாம்பர்க் மேட் ஃபில்டர் என்பார்கள். தொட்டியின் ஒரு ஓரத்தில் அகலம் முழுக்க, உயரம் முழுக்க ஒரு பஞ்சுத் தகட்டைச் சுவர் மாதிரி நிறுத்திவிடுவது, பின்னாலிருந்து ஒரு குழாய் தண்ணீரை முன்பக்கம் கொண்டுவந்து விடுவது, அவ்வளவுதான் அமைப்பு. பஞ்சைத் தாண்டும் தண்ணீர் நிமிடத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மட்டும் போக வேண்டும் என்பது அதன் விதி. 30 சென்டிமீட்டர் அகலம், 25 உயரம் உள்ள தகடு என்றால் 750 சதுர சென்டிமீட்டர், அதற்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 225இலிருந்து 450 லிட்டர் வருகிறது. பரப்பு பெரிது, வேகம் குறைவு, அதனால் மாதக்கணக்கில் கழுவாமலே ஓடும். இடத்தை அடைத்துக்கொள்கிறது, அழகு இல்லை என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். முன்னால் பாசியும் செடியும் ஏறிவிட்டால் எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

கடையில் வாங்கிய ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது என்பவர்களுக்கு மிக உபயோகமான சின்ன வேலை ஒன்று உண்டு. தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒரு பஞ்சு உறை மாட்டிவிடுங்கள். குஞ்சு மீனும் குட்டி இறாலும் உள்ளே போய்ச் சாகாது, உள்ளே இருக்கும் பொருளும் அழுக்கு ஏறாமல் இருக்கும், உறையே இன்னொரு குடியிருப்பாகவும் ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை. என்ன, அதை வாரம் ஒருமுறை பிழிய வேண்டும், மறந்தால் மோட்டார் தண்ணீர் கிடைக்காமல் திணறும்.

அடுத்தது ஸ்பிரே பார். மோட்டாரில் ஓடும் பவர் ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் ஒரே தாரையாக அடித்தால் மீன்கள் மூலையில் ஒதுங்கிவிடும், அதை ஒரு குழாயில் வரிசையாகத் துளையிட்டுப் பிரித்துவிடுவதுதான் இது. எத்தனை துளை என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள்வாய்ப் பரப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் துளை ஒன்று 7, ஆக 16 துளை. அதைவிடக் குறைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், பம்பும் திணறும். துளைகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டி மேற்பரப்பைக் கலைக்கிற மாதிரி இருந்தால் ஆக்சிஜனும் சேரும், மேலே படியும் எண்ணெய்ப் படலமும் உடையும். ஃபைட்டர் மீன் மாதிரி நீளத் துடுப்பு உள்ளவை இந்த ஓட்டத்தையும் தாங்காது, அவற்றுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே மேல், காற்றைக் குறைக்கும் சின்ன வால்வு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 45க்கு 30க்கு 30 என்றால் நாற்பது லிட்டர், மணலும் கல்லும் போக முப்பத்தைந்து வைத்துக்கொள்ளலாம். மணிக்கு அதைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. பவர் ஃபில்டர் என்றால் வாயில் ஒரு லிட்டர் பாத்திரத்தைப் பிடித்து நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள், 3600ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 20 விநாடி என்றால் 180. பம்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது தண்ணீரை மேலே தூக்க வேண்டிய வேலையே இல்லாதபோது கிடைக்கும் அளவு.

எதைத் தொட்டிக்குள் விடக்கூடாது

பசை விஷயத்தில் கவனம். சிலிகோன் என்றால் பூஞ்சை தடுப்பான் சேர்க்காதது, நூறு சதவீதம் சிலிகோன் என்று போட்டிருப்பது. குளியலறைக்கு விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும். ஒட்டியபின் ஒன்றிரண்டு நாள் காயவிட்டு வினிகர் வாடை முழுக்கப் போனபிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். சூப்பர் க்ளூ காய்ந்துவிட்டால் கெடுதல் இல்லை. பிவிசி குழாய்களுக்கு இந்த வேலையில் பசையே தேவைப்படாது, அழுத்திச் சொருகினால் நிற்கும், பிறகு கழற்றிக் கழுவவும் வசதி. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய கம்பி எதுவும் உள்ளே போகக்கூடாது. செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் முதலில் போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவிய டப்பாவும் வேண்டாம், எத்தனை அலசினாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. சந்தேகமான பொருளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பாருங்கள், வாடையோ நிறமோ மேலே எண்ணெய்ப் பளபளப்போ தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

செய்து முடித்த ஃபில்டரை மாட்டிய அன்றே அது ஃபில்டர் ஆகிவிடாது. காலி வீடுதான் அது. குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், ஏனென்றால் இந்தப் பாக்டீரியா மிகச் சோம்பேறி. நம் குடலில் இருக்கும் சில வகைகள் நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளும் ஆகும். அதனால் பழைய ஃபில்டர் இருந்தால் புதியதை அதன் பக்கத்திலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள், பிறகு பழையதை எடுங்கள். அல்லது ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் பஞ்சைப் பிழிந்து அந்தப் பழுப்புத் தண்ணீரைப் புதிய பஞ்சின்மேல் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், அதைவிட நல்ல வித்து வேறில்லை. நோய் இருந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். இத்தனை சிக்கனம் சொல்லிவிட்டு ஒரு செலவைச் சொல்கிறேன், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்றால் வீடு நிரம்பிவிட்டது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது, நான் ஆறு மாதம் கண்ணைத்தான் நம்பினேன். நைட்ரேட்டை இந்த ஃபில்டர்கள் எதுவும் எடுக்காது, அதற்குத் தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும். மணி பிளாண்ட் ஒன்றின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டால் கொஞ்சம் குறைத்துக்கொடுக்கும்.

கழுவுவது பற்றி. ஓட்டம் குறைந்தால்தான் கழுவ வேண்டும், நாள் பார்த்து அல்ல. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, பஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் போகாது, போகவும் வேண்டாம். இரண்டு பஞ்சு இருந்தால் இந்த முறை ஒன்று, அடுத்த முறை இன்னொன்று. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படி எளிதில் போகாது, அதற்கென்று உள்ள மருந்தைப் போட வேண்டும்.

மின்சாரம் சில மணி நேரம் போனால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பெரும்பாலும் தப்பித்துவிடும், சுற்றிலும் தொட்டித் தண்ணீர் இருக்கிறதே. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி வகைதான் ஆபத்து, உள்ளே அடைபட்ட தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிடும். நெடுநேரம் நின்றிருந்தால், திரும்ப ஓட விடும் முன் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொருளைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இன்னொன்று, முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் பயந்துபோய்க் கேட்பது: புதுப் பஞ்சு மிதக்கும். எவ்வளவு கல் கட்டினாலும் சாய்ந்துகொண்டு மேலே வரும். செய்முறையில் தவறு இல்லை, உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. தண்ணீருக்குள் வைத்தே நன்றாகப் பிழிந்து விடுங்கள், அப்புறமும் அடம்பிடித்தால் ஒரு கூழாங்கல்லை மேலே தூக்கி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் ஊறித் தானாகவே அடியில் உட்கார்ந்துவிடும்.